காய் இல்லாத பெயர்

நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, என் பெயரை மாற்றிவிடுவது என்று கல்லாவியில் இருந்த பெரியப்பா முடிவு செய்தார். அந்தச் செய்தியைக் கேட்டு எங்கள் வீட்டில் அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான்.

என் பெயர் இல்காய். துருக்கி நாட்டுப் பெயர். ஓசூரில் எந்த மொழிப் பெயரை வைத்துக்கொண்டும் ஒரு பிள்ளை நிம்மதியாக வளர்ந்துவிடலாம். எங்கள் தெருவிலேயே மஞ்சுநாத்தும் வெங்கடேசலுவும் முருகேசனும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள். ஒடிசாவிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த பையனின் நீளமான பெயரைக்கூட எங்கள் டீச்சர் இரண்டொரு நாளில் சொல்லப் பழகிவிட்டார். என் பெயர் மட்டும் யார் வாயிலும் நிற்கவில்லை. ஒன்றாம் வகுப்பில் முதல் நாள் பெயர் கூப்பிடும்போது டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு “ஏலக்காய்” என்றார். வகுப்பு சிரித்தது. அன்றிலிருந்து நான் ஏலக்காய். சத்துணவில் பாயசம் போடுகிற நாளில் என்னைத்தான் முதலில் தேடுவார்கள், பாயசத்துக்குள் தூக்கிப் போடுவதற்கு.

சண்டை வந்தால் இன்னும் மோசம். மற்ற பிள்ளைகள் விரலை நீட்டிக் காய் விடுவார்கள், கோபம் தீர்ந்ததும் பழம் விட்டுச் சேர்ந்துகொள்வார்கள். என்னிடம் யாரும் காய் விட வேண்டியதில்லை, என் பெயரிலேயே காய் இருப்பதால் நான் எல்லோரிடமும் எப்போதும் காய்தான் என்று ஒரு பெண் கண்டுபிடித்துச் சொன்னாள். அவள் அறிவாளி. அவளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இந்தப் பெயரைக் கொண்டுவந்தவள் அம்மா. நான் பிறக்கும் வரையில் அம்மா ஓசூரில் மின்சாரப் பெட்டிகள் செய்யும் ஒரு கம்பெனியில் ஒயரிங் பிரிவில் வேலை பார்த்தாள். நான் வயிற்றில் இருந்தபோது அந்தக் கம்பெனிக்குத் துருக்கியிலிருந்து தகடு வளைக்கிற இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்டுவதற்காக ஓர் எஞ்சினியரும் கூடவே வந்தார். பெண். அவர் பெயர் இல்காய். வேலை முடிந்து அவர் ஊருக்குப் போய்விட்டார். நான் பிறந்தேன். பெண்ணாக இருந்தால் இந்தப் பெயர்தான் என்று அம்மா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். அப்பா கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். நாளெல்லாம் இரைச்சலில் இருப்பதாலோ என்னவோ, வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டவர். சரி என்றுவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருமே கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

பெரியப்பா அப்படி விடுகிறவர் இல்லை. கல்லாவிப் பக்கத்தில் அவருக்கு மாந்தோப்பு. அப்பாவை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான், கல்யாணம் செய்துவைத்ததும் அவர்தான். அவர் பேச்சுக்கு அப்பா மறுபேச்சு பேசி நான் பார்த்ததில்லை. மாம்பழக் காலத்தில் கூடை கூடையாகப் பழம் கொண்டுவந்து இறக்குவார், என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார். எல்லாம் சரிதான். ஆனால் எனக்குப் பின்னால் ஒரு தம்பி பிறக்கவில்லை என்ற குறை அவருக்கு இருந்தது. வரும்போதெல்லாம் அதைப் பேசுவார். பெரியம்மா லேகியம் கொடுத்தனுப்புவார். அத்தை ஏதாவது ஒரு கோவில் கயிற்றைக் கொண்டுவருவார். அம்மா எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வாள். லேகியம் எங்கள் வீட்டு அலமாரியில் வரிசையாக நிற்கும். திறந்து பார்த்தால் எல்லாம் குறையாமல் இருக்கும்.

அந்த வருஷம் பெரியப்பா ஒரு சோசியரைப் பார்த்துவிட்டு நேராக ஓசூருக்கு வந்தார். உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“கோளாறு எங்க இருக்குதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. எல்லாம் இந்தக் கொழந்த பேர்லதான் இருக்குது. காய்னு பேர வச்சா குடும்பம் எப்படிப் பழுக்கும்? மாந்தோப்பு வச்சிருக்கறவன் சொல்றேன். காய்னா இன்னும் ஆவலன்னு அர்த்தம். அதான் இதுக்குப் பின்னாடி ஒண்ணும் வரல.”

அப்பா தலையை ஆட்டினார். அவர் தலையை ஆட்டினால் ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். குலதெய்வக் கோவில் பொங்கலன்று கல்லாவியில் வைத்துப் பெயரை மாற்றிவிடலாம், ‘ப’ வரிசையில் வைத்தால் விசேஷம் என்று சோசியர் சொல்லியிருப்பதாகப் பெரியப்பா சொன்னார்.

‘ப’ வரிசை என்றதும் எனக்குள் ஒரு பெயர் பளிச்சென்று எரிந்தது. பிரியங்கா. அன்று சாயங்காலமே பிரியங்கா என்று கையெழுத்துப் போட்டுப் பழக ஆரம்பித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேருக்கு ரகசியமாகச் சொல்லியும் விட்டேன். அவர்கள் வகுப்பு முழுவதற்கும் ரகசியமாகச் சொன்னார்கள்.

சில நாள் கழித்து அத்தை போன் செய்தார். சோசியர் பெயரையே எடுத்துக் கொடுத்துவிட்டாராம்.

“பழனியம்மாள். எப்படி? பழம் அதுலயே இருக்குது பாரு. காய் போயி பழம் வந்தாச்சு!”

நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் படுக்கையில் விழுந்தேன். பழனியம்மாள் என்ற பெயரோடு ஐந்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்குள் நுழைவதை நினைத்துப் பார்த்தேன். அந்த அறிவாளிப் பெண்ணின் முகத்தையும் நினைத்துப் பார்த்தேன். அழுது முடித்து எழுந்து சமையலறைக்குப் போனேன். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“எனக்குப் பழைய பேரே போதும்.”

“அந்தப் பேரு புடிக்கலன்னு சொன்னியே?”

“அர்த்தம் தெரிஞ்சாத்தான புடிக்கும்? உனக்கே தெரியல. பெரியப்பா காய்ங்கறாரு. அது காய் இல்லன்னு சொல்றதுக்கு நம்மகிட்ட என்னா இருக்குது?”

அம்மா நறுக்குவது கொஞ்ச நேரம் நின்றுபோயிருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா கர்நாடகத்து ஆனேக்கல் பக்கத்துக்காரர், பேச்சில் கன்னடம் கலக்கும். அம்மா வேலை பார்த்த அதே கம்பெனியில் ஸ்டோரில் இருந்தார். கோவில் பொங்கலுக்கு முந்தைய வாரம் அவர் சுவரோரம் நின்று அம்மாவைக் கூப்பிட்டார். தகடு வளைக்கிற இயந்திரம் மக்கர் பண்ணிவிட்டதாம். அதைச் சரிபார்க்கத் துருக்கியிலிருந்து ஒரு ஆள் வந்திருக்கிறாராம். நாளைக்கு மறுநாள் கிளம்பிவிடுவாராம்.

“அந்தம்மாவா?” என்று அம்மா வேகமாகக் கேட்டாள்.

“இல்ல இல்ல. இது கண்டசு. மீசெல்லாம் இருக்கு.”

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா எனக்குத் தலைவாரி, நல்ல கவுன் போட்டு, கம்பெனி கேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஷிப்டு விடுகிற நேரம். பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்து பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். செக்யூரிட்டி தாத்தாவுக்கு அம்மாவை அடையாளம் தெரிந்தது. கூண்டின் நிழலில் எங்களை நிற்கவைத்தார். அம்மா புடவைத் தலைப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டாள். என்ன கேட்பது, எந்த மொழியில் கேட்பது என்று அவளுக்கும் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்துபோய்விட்டது.

கடைசியில் அவர் வந்தார். நல்ல உயரம். சட்டையெல்லாம் கிரீஸ். பக்கத்தில் அக்கா கிட்டத்தட்ட ஓடிவந்துகொண்டிருந்தார். வேன் கதவு திறந்திருந்தது. அவர் ஏறப் போகிறார் என்று தோன்றியபோது அம்மா என் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினாள்.

“பேரச் சொல்லு.”

“இல்காய்” என்றேன்.

அவர் காலை எடுத்துக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் பெயரைச் சொன்னார். அதுவரை யாரும் என் பெயரை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் திருப்பிக் கேட்கவில்லை. எழுத்துக் கூட்டவில்லை. சிரிப்பை அடக்கவில்லை. கமலா, விமலா என்று சொல்வதுபோல, உலகத்திலேயே சாதாரணமான ஒரு பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அக்கா தன் இங்கிலீஷை எடுத்துவிட்டார். “மதர், திஸ் கம்பெனி. லேடி எஞ்சினியர், யுவர் கன்ட்ரி. சேம் நேம். மீனிங்? வாட் மீனிங்?”

அவருக்கும் அதே அளவு இங்கிலீஷ்தான் வரும் என்று தெரிந்தது. அதனால் இரண்டு பேரும் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அந்த எஞ்சினியரை அவருக்குத் தெரியாது. ஆனால் இது அங்கேயும் அதிகம் கேள்விப்படாத பெயராம். அவர் ஊரிலேயே ஒரே ஒரு இல்காய்தான் இருந்தாராம். ரொட்டிக்கடைக்காரர்.

“ஆம்பளையா?” என்று நான் அலறினேன்.

“ஹௌதா?” என்று அக்காவும் வாயில் கைவைத்தார். விசாரித்துச் சொன்னார்: “பையனுக்கும் வைப்பாங்களாம், பொண்ணுக்கும் வைப்பாங்களாம். அழ வேண்டா.”

அர்த்தத்துக்கு அவர் போனை எடுத்தார். அதில் எதையோ தட்டி, எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். தமிழில் வந்திருந்தது. ‘முதல் மாதம்.’

நாங்கள் மூன்று பேரும் அதை மாறி மாறிப் படித்தோம்.

“மொத மாசமா?” என்றாள் அம்மா. “சித்திரையா?”

இவ்வளவு தூரம் வந்து கடைசியில் காலண்டரில் கிழிக்கிற தாளாகிவிட்டேனே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. எங்கள் முகங்களைப் பார்த்து அவருக்கு ஏதோ தப்பு நடந்திருப்பது புரிந்திருக்க வேண்டும். இல்லையென்று தலையைப் பலமாக ஆட்டினார். வேனின் பின்கண்ணாடியில் ரோட்டுப் புழுதி கனமாகப் படிந்திருந்தது. அதில் விரலால் என் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் பெரிதாக எழுதினார். முதல் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தார். பிறகு பெயரின் நடுவில் ஒரு கோடு கிழித்தார்.

நாங்கள் எல்லோரும் இவ்வளவு காலம் கிழித்துக்கொண்டிருந்த இடத்தில் அல்ல. நாங்கள் ‘இல்’ தனி, ‘காய்’ தனி என்று நினைத்திருந்தோம். அவர் கோடு ‘க்’கைத் தாண்டி விழுந்திருந்தது. ‘இல்க்’ ஒரு பக்கம். ‘ஆய்’ மறு பக்கம்.

‘இல்க்’கைத் தொட்டு ஒற்றை விரலைக் காட்டினார். முதல். ‘ஆய்’க்குக் கீழே ஒரு மெல்லிய வளைவு வரைந்தார். கொஞ்சம் வரைந்ததுமே அது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நிலா. அதிலும் முழு நிலா இல்லை. இருட்டு முடிந்து வானத்தில் முதன்முதலாக எட்டிப் பார்க்குமே, நகத்துண்டு மாதிரி, அது.

“அப்ப மாசம்னு ஏன் வந்துச்சு?” என்று அம்மா கேட்டாள். அவர் செக்யூரிட்டி கூண்டில் தொங்கிய காலண்டரைக் காட்டி “ஆய்” என்றார். கண்ணாடியில் இருந்த நிலாவைக் காட்டி மறுபடியும் “ஆய்” என்றார். அவர்கள் ஊரில் நிலாவுக்கும் மாதத்துக்கும் ஒரே சொல்தானாம். போனுக்கு அது தெரியாமல் மாதத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

அந்த மாதம்தான் தமிழ்ப் பாடத்தில் ஒரு சொல் பல பொருள் எழுதியிருந்தோம்.

“திங்கள்!” என்று கத்தினேன். “அக்கா, நமக்கும் அப்படித்தான்! திங்கள்னா நிலா. திங்கள்னா மாசம். சொல்லுங்க அவருகிட்ட!”

“அதெல்லாம் என் இங்கிலீஷுக்கு எட்டாது பாப்பா.”

நானே சொன்னேன். கண்ணாடியில் இருந்த நிலாவைத் தொட்டு “திங்கள்” என்றேன். ஓடிப்போய்க் காலண்டரைத் தொட்டு “திங்கள்” என்றேன். அவருக்கு ஒரு நொடி பிடித்தது. பிறகு அந்தப் பெரிய மீசைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. “டிங்கல்!” என்று அவரும் நிலாவைத் தொட்டார், காலண்டரைத் தொட்டார். செக்யூரிட்டி தாத்தா எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார். வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். கிளம்பிய வேனின் பின்கண்ணாடியில் என் பெயர் நடுவில் கோட்டோடும் கீழே பிறையோடும் ஓசூர் ரோட்டில் போவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பள்ளிக்கூடத்தில் பிரித்து எழுதுக என்று கொடுத்தால் எனக்கு எப்போதும் முழு மதிப்பெண் கிடைக்கும். என் பெயரை மட்டும் பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. க் மேல் ஆ ஏறி உட்கார்ந்து கா ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். என் பெயரில் காய் என்று ஒன்று இருந்ததே இல்லை! அன்றிரவு அப்பா வந்ததும் இதைச் சொன்னேன். அப்பா கேட்டுவிட்டு, “நல்லாருக்குது கண்ணு” என்றார். அவருக்கு அது ஒரு நீண்ட பேச்சு.

கல்லாவியில் குலதெய்வக் கோவில் ஏரிக்கரையில் இருக்கிறது. பந்தல் போட்டு, பங்காளி வீடுகள் எல்லாம் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்திருந்தார்கள். அம்மா போனதுமே பெரியம்மாவோடு அடுப்பு வேலையில் இறங்கிவிட்டாள். அப்பா வாழையிலை கழுவிக்கொண்டிருந்தார். பூசை முடிந்ததும் பெரியப்பா என்னைக் கூப்பிட்டுப் பந்தலின் நடுவே பாயில் உட்காரவைத்தார். சோசியர் எதிரே உட்கார்ந்திருந்தார். பழுத்த பஞ்சாங்கத்தோடு ஒரு கிழவரை நான் எதிர்பார்த்திருந்தேன். இவர் இளவயசுக்காரர், பஞ்சாங்கத்தைப் போனில் வைத்திருந்தார். அத்தை ஒரு தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, அதில் விரலால் எழுதியிருந்தார். பழனியம்மாள். எழுத்துக்கள் குண்டு குண்டாக இருந்தன.

அத்தை என் காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். அதோடு நான் பழனியம்மாள். அவர் குனிந்தபோது நான் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டேன்.

“கைய எடுடி.”

“மாட்டேன்.”

“அண்ணா, இது கைய எடுக்க மாட்டேங்குது!”

சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா அருகில் வந்தார். காதைப் பொத்திக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க முடியும்? நான் கையை எடுத்தேன். எடுத்த கையால் தாம்பாளத்து அரிசியை ஒரே வீச்சில் தடவிவிட்டேன். பழனியம்மாள் போய்விட்டாள். வெற்று அரிசியில் நான் எழுதினேன். இல்க். அதன் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. ஆய்.

“காய் இல்ல பெரியப்பா. எல்லாரும் தப்பாப் பிரிச்சுட்டீங்க.”

“என்னாம்மா எழுதற?” என்று சோசியர் எட்டிப் பார்த்தார்.

நான் எழுந்து நின்றேன். பாடம் ஒப்பிக்கிற குரல் தானாக வந்துவிட்டது. “இல்க் என்றால் முதல். ஆய் என்றால் நிலா. துருக்கி மொழியில் நிலாவுக்கும் மாதத்துக்கும் ஒரே சொல். தமிழிலும் திங்கள் என்றால் நிலா, திங்கள் என்றால் மாதம். இல்காய் என்றால் அமாவாசை முடிந்து முதன்முதலாகத் தெரிகிற நிலா.” இத்தோடு ஒப்பித்தல் தீர்ந்துபோனது. மீதியைச் சொந்தமாகச் சொன்னேன். “கம்பெனிக்கு வந்த துருக்கிக்காரரே கண்ணாடியில எழுதிக் காட்டுனாரு. அவங்க ஊர்லயே இந்தப் பேரு கெடைக்கிறது கஷ்டம். நம்ம ஜில்லாவுலயே எனக்கு மட்டுந்தான் இருக்குது.”

சோசியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மொத பெறையா? அப்ப வளர்பெறை ஆச்சே!”

“ஆமா, வளர்பெறை.”

“ஏங்க,” என்று அவர் பெரியப்பா பக்கம் திரும்பினார், “நீங்க எங்கிட்ட காய்னுதான சொன்னீங்க? கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபோறது, நல்ல காரியம் எல்லாத்தையும் நாம எதுல வைக்கறோம்? வளர்பெறையில. அதையே பேரா வச்சிருக்குது இந்தப் பாப்பாவுக்கு. இத மாத்தச் சொல்றதுக்கு நான் என்னா பைத்தியமா?”

யாரோ கை தட்டினார்கள். பெரியப்பாவின் பிள்ளைகள் விசிலடித்தார்கள். இதுவரை என்னை ஏலக்காய் என்று கூப்பிட்ட அதே வாய்கள்! எனக்கு இரண்டு கால்களும் தரையிலிருந்து கொஞ்சம் மேலே இருப்பதுபோல இருந்தது.

பெரியப்பா மட்டும் அசையவில்லை. “சரி, வளர்பெறைன்னே வச்சுக்குவோம். வளரணுமில்ல? இத்தன வருசமா எங்க வளந்துச்சு? ரெண்டாவது ஒண்ணு எங்க?”

துருக்கிக்காரர் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அடுப்பருகிலிருந்து அம்மா வந்தாள். கையில் கரண்டி இருந்தது. அதைக் கீழே வைக்க மறந்திருந்தாள்.

“ரெண்டாவது வேணாம்னு நாங்கதான் மாமா முடிவு பண்ணோம். இவ பொறந்தப்பவே ஆபரேசன் பண்ணிக்கிட்டேன். எனக்கு இவ ஒருத்தி போதும். கொழந்த பேரு மேல பழி போடாதீங்க.”

குரலை உயர்த்தவில்லை. பெரியம்மாவிடம் உப்பு போதுமா என்று கேட்கிற அதே குரல்தான்.

பந்தலில் பேச்சு நின்றது. அடுப்பில் விறகு வெடிப்பது கேட்டது. அத்தை தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா அம்மாவைப் பார்த்தார், பிறகு வேறு எங்கோ பார்த்தார். பெரியப்பா மெதுவாக அப்பா பக்கம் திரும்பினார்.

“என்னாடா இது?”

அப்பாவின் கைகளிலிருந்து இலைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அண்ணன் முகத்தை நேராகப் பார்த்தார்.

“ஆமாண்ணா. ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணோம்.”

பெரியப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அரிசியில் நான் போட்டிருந்த கூட்டல் குறியைக் குனிந்து பார்த்தார். பிறகு, “எலயப் போடுங்க, பொங்கல் ஆறுது” என்று பொதுவாகச் சொன்னார்.

“அப்ப இது?” என்று அத்தை தாம்பாளத்தைக் காட்டினார். “தட்டு வச்சது வச்சாச்சு. பேரு சொல்லாம எடுக்கக் கூடாது.”

“அதுல என்னா எழுதியிருக்குதோ அதச் சொல்லு.”

அத்தை என்னை மடியில் இழுத்து உட்காரவைத்து, என் காதில் வாயை வைத்து, மூன்று முறை சொன்னார். இல்க், ஆய். இல்க், ஆய். இல்க், ஆய். பிரித்துச் சரியாகச் சொன்னார். அவர் மூச்சில் வெற்றிலை வாசனை வந்தது. பிறகு பெரியப்பா பந்தியின் முதல் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, “ஏ வளர்பெறை, இங்க வா, பெரியப்பா பக்கத்துல உக்காரு” என்று கூப்பிட்டார். நான் போய் உட்கார்ந்தேன். எனக்கு வைத்த சர்க்கரைப் பொங்கலில் இருந்த முந்திரி போதாதென்று தன் இலையிலிருந்தும் பொறுக்கி வைத்தார். ராஜாக்கள் போர் முடிந்து சாப்பிடுவது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கிருஷ்ணகிரியில் பஸ் மாறி ஓசூர் வண்டியில் ஏறும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. அப்பா வழக்கம்போல டிரைவர் பக்கத்தில் போய் நின்று பேசிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவர் பேச்சு பின்சீட்டு வரைக்கும் கேட்டது. நான் ஜன்னலோரம். அம்மா என் பக்கத்தில் தலையைச் சீட்டில் சாய்த்திருந்தாள். அவள் அவ்வளவு சாவகாசமாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“நான் நல்லாச் சொன்னேனா?”

“ரொம்ப நல்லாச் சொன்ன.”

“நெலான்னு தெரிஞ்சிருந்தா நீ அப்பவே எல்லாருக்கும் சொல்லியிருப்ப, இல்ல?”

அம்மா சிரித்தாள். “நெலாவுக்கோசரம் வைக்கல கண்ணு. அந்தம்மா வந்தப்ப அந்த மெஷின் ஓடவே இல்ல. பெரிய பெரிய ஆபீசருங்க, மேஸ்திரிங்க, எல்லாரும் சுத்தி நின்னுக்கிட்டு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. அந்தம்மா சின்ன உருவம். கையத் தூக்கி ஒரு வார்த்த சொல்லுச்சு. என்னா வார்த்தைன்னுகூட எங்களுக்குத் தெரியாது. அத்தன பேரும் நிறுத்திட்டாங்க. அப்புறம் அது யாரையும் பாக்காம, பொறுமையா, அதுவே திருகி, அதுவே ஓட்டுச்சு. எங்க லைன்ல இருந்த பொம்பளைங்க எல்லாம் ஒயர கீழ போட்டுட்டுப் பாத்துக்கிட்டே நின்னோம். அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் உங்க அப்பாகிட்ட சொல்லிட்டேன், பொண்ணு பொறந்தா இந்தப் பேருதான்னு.”

“அப்ப நெலா?”

“நெலாவும் நல்லாத்தான் இருக்குது.”

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு ஊரையே எதிர்த்து ஒரு பெரிய நிலாவை ஜெயித்துக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்திருக்கிறேன். அவளோ ஒரு இயந்திரத்தையும் அதன் முன்னால் நின்ற ஒருத்தியையும் பற்றிப் பேசிக்கொண்டு வருகிறாள். அவளுக்கு இதெல்லாம் விளங்காது என்று விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவ்வளவு பெரிய பந்தலில் எல்லோரும் வாயடைத்து நின்ற அந்த நிமிஷத்தை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். அவர்கள் அத்தனை பேரையும் நிறுத்தியது நான்தான் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை.